மதகு ஏன் ஒவ்வொரு மாரியிலும் உடைகிறது?

(காட்சி: மழையில் அறுந்து கிடக்கும் கிறவல் வீதி. குரல் தொடங்குகிறது.)

கட்டுமானத்தால் சூழலுக்கு வரும் கேடு என்றதும் எல்லாரும் சீமெந்தைத்தான் சொல்வார்கள். சரிதான். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 45 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் சூளையில் வேகும்போது சுண்ணக்கல்லே விடுவது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு போகாது. ஆகவே, கட்டியதையே திரும்பக் கட்டாமல் இருப்பதுதான் முதல் சிக்கனம்.

அதற்கு உதவுவதுதான் அறிவு முகாமைத்துவம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு வேலையில் தெரிந்துகொண்டது அடுத்த வேலை செய்பவரின் கைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

2009க்குப் பிறகு வன்னியில் வீடு, வீதி, பாடசாலை, குளக்கட்டு என்று எல்லாமே ஒன்றாகத் தொடங்கின. காசு தந்தவர்கள் வேறு வேறு, ஒப்பந்தகாரர்களும் வேறு வேறு. வேலை முடிந்ததும் பொறியியலாளர் மாற்றலாகிப் போவார், மேசன்மார் அடுத்த ஊருக்குப் போவார்கள், கோப்பு அலுமாரிக்குள் போகும்.

(காட்சி: ஒரு குளம் வான் பாய்கிறது.)

இந்த மதகையே எடுங்கள். மேல் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க் குளத்தைத் தேடி ஓடும். ஆடியில் அளக்க வருபவருக்கு அந்தப் பாதை வெறும் காய்ந்த புல்தரை. ஒரு ஹியூம் குழாய் (கொங்கிறீட்டுக் குழாய்) போதும் என்று படத்தில் போட்டுவிடுவார். மார்கழியில் வெள்ளம் வீதியை வெட்டிக்கொண்டு போகும். பிறகு எங்கேயோ காட்டோரத்தைத் தோண்டி, திரும்பவும் டிப்பர் டிப்பராகக் கிறவல் வரும். பக்கத்து வயல்காரரிடம் கேட்டிருந்தால், "தம்பி, வெள்ளம் இந்த மருத மரத்தில இவ்வளவு உயரத்துக்கு நிக்கும்" என்று கையால் தொட்டே காட்டியிருப்பார். யாராவது கேட்டும் இருக்கலாம். ஆனால் கேட்டவருடைய குறிப்புப் புத்தகம் அவரோடு போய்விட்டதே!

மன்னாரில் முருங்கன் பக்கம் மண்ணே வேறு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் களிமண் போனது அங்கிருந்துதான். மாரியில் ஊறி வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். செம்மண்ணுக்குப் போட்ட அத்திவாரப் படத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் சுவர் பிளக்கும். பூசி மறைத்தாலும் பிறகு திரும்பப் பிளக்கும்.

(காட்சி: கையால் எழுதிய ஒரு தாள்.)

உடனே மென்பொருள் வாங்க ஓடாதீர்கள். அது பெரும்பாலும் கொழும்பில் ஒரு கணினிக்குள் தூங்கும். வேலை முடியும்போது நிரப்ப ஒரு தாள் போதும். மண் என்ன, வெள்ளம் எவ்வளவு உயரம், கிணற்று நீர் உவரா? (உவர்நீரில் குழைத்த கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும்.) மணல் எங்கிருந்து எத்தனை டிப்பர் வந்தது, எவ்வளவு வீணானது? கடைசியாக, எதை உடைத்துத் திரும்பக் கட்டினோம், ஏன்?

சிக்கல் அந்தக் கடைசிக் கேள்வியில்தான். உண்மையை எழுதினால் காசு வெட்டுவார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் "ஒன்றும் இல்லை" என்றே எழுதுவார்கள். அதனால் தாளில் உள்ளதை வைத்து யாருக்கும் அபராதம் கூடாது. ஆனால் தாளைத் தராவிட்டால் கடைசிக் கொடுப்பனவும் கிடையாது. ஒரு பிரதி பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம், இன்னொன்று கிராம அபிவிருத்திச் சங்கத்திடம். அப்புறம், அந்த ஊருக்கு அடுத்த விலைமனு கோரும்போது அதையும் சேர்த்தே கட்டி அனுப்புங்கள்.