நாய்க்குட்டிக்கும் ஒரு குளிசை

(திருகோணமலையில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில், பெற்றோர் முன்னிலையில் கால்நடை வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தாய்மாரே, தந்தைமாரே, பின்வரிசையில் சன்னலோரம் நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மழை விட்டும் விடாமலும் இருக்கும் இந்த மாலையில் சேற்றை மிதித்து வந்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். பெரியவர்களின் செருப்புகள் நிறைந்து கிடக்கின்றன. உங்களோடு வந்த பிள்ளைகள் இருபது பேருக்குக் குறையாமல் இந்த மண்டபத்துக்குள் ஓடித் திரிகிறார்கள். அவர்களுடைய செருப்புகள் நான்கைந்துதான் இருக்கின்றன. மற்றவர்கள் வெறுங்காலோடு வந்திருக்கிறார்கள்.

நான் மனிதருக்கு வைத்தியம் செய்கிறவன் அல்ல. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் மருந்து கொடுக்கிறவன். பிறகு ஏன் பிள்ளைகளின் வயிற்றுப் புழுவைப் பற்றிப் பேச வந்தேன் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் உப்புவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய்.

சில வருடங்களுக்கு முன் அவர் ஒரு நாய்க்குட்டியை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். வயது ஐந்து கிழமை. விலா எலும்புகள் தெரிகின்றன, வயிறு மட்டும் ஊதிக் கிடக்கிறது. தரையில் வைத்ததும் குட்டி இரண்டு முறை இருமியது, வாந்தி எடுத்தது. வாந்தியில் பாலோடு சேர்ந்து வெள்ளைப் புழுக்கள். இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டது போலச் சுருண்டு நெளிந்தன. கூட வந்த மகளுக்கு ஐந்து வயதிருக்கும். அவள் குனிந்து, தன் சட்டை நுனியால் குட்டியின் வாயைத் துடைத்துவிட்டாள். குனிந்தபோதுதான் அவளுடைய பாதத்தைக் கண்டேன். பெருவிரலுக்குக் கீழே தொடங்கிச் சிவந்த நூல் ஒன்று வளைந்து வளைந்து போயிருந்தது.

"படை ஐயா, இரண்டு கிழமையாகக் களிம்பு பூசுகிறோம்" என்றார் தாய். பிறகு அவராகவே இன்னொன்று சொன்னார்: "ஆனால் இது நகர்கிறது. நேற்று இரவு கோட்டின் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். இன்று காலை பார்த்தால் கோடு புள்ளியைத் தாண்டிவிட்டது."

பார்த்தேன். நீல மைப் புள்ளி இருந்தது. கோடு அதைக் கடந்து ஒரு விரலகலம் போயிருந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அந்தத் தாய் வீட்டிலே செய்த சோதனை அது. அதைவிடத் தெளிவான சோதனையை நானும் செய்திருக்க முடியாது. படை வட்டமாகப் பரவும். கோடு போட்டுக்கொண்டு ஊர்ந்து போகாது. அந்தத் தோலுக்கடியில் நாயின் கொளுக்கிப் புழுவினுடைய குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வந்த இளம்புழு, உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தது.

அதுவரை நான் நாயைக் கொண்டு வருகிறவர்களிடம் நாயைப் பற்றி மட்டும்தான் கேட்டு வந்தேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா, என்ன வயது, செருப்புப் போடுவார்களா, மண் தின்பார்களா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். நாயின் குடலில் இருக்கும் பெண் புழு முட்டையிடுகிறது. முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் சூடும் நிழலும் உள்ள மண்ணில், கொளுக்கிப் புழுவின் முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் அந்தக் குடம்பி தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. மூன்று நான்கு கிழமை வரை, ஒரு கால் வந்து மிதிக்கும் என்று காத்துக் கிடக்கும். நாயின் கால் கிடைத்தால் அதற்கு வழி தெரியும். நம்முடைய தோலுக்குள் வந்த பல வகைக் குடம்பிகளுக்கு மேலே போக வழி தெரிவதில்லை. தோலுக்கடியிலேயே நாளுக்குச் சில மில்லிமீற்றர், சில வேளை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் என்று அலைந்து, கிழமைக்கணக்கில் அரிப்பைக் கொடுத்து, கடைசியில் செத்துப்போகும். அந்தச் சிறுமிக்கு இருந்தது அதுதான். வைத்தியசாலைக்கு அனுப்பினேன்; அல்பென்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்தார்கள்; சில நாட்களில் கோடு நின்றுவிட்டது.

ஆனால் எல்லாக் கொளுக்கிப் புழுவும் வழி தெரியாமல் அலைவதில்லை. நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒன்று இருக்கிறது. அன்கிலொஸ்ரோமா சிலானிக்கம். சிலானிக்கம் என்றால் இலங்கையுடையது. 1911 ஆம் ஆண்டில் ஆதர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்த புழுவுக்கு இந்தப் பெயரை வைத்தார். நாய்க்கும் பூனைக்கும் உரிய இந்தப் புழு மனிதருடைய தோலுக்குள் புகுந்தாலும் வழி தவறுவதில்லை. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து, சுவரைக் கடித்துக்கொண்டு இரத்தம் குடித்து, முட்டையும் இடும். விலங்குகளின் கொளுக்கிப் புழுக்களில் மனிதக் குடலில் முழுதாக வளர்ந்து முட்டையிட்டுக் குடியிருப்பது அநேகமாக இது ஒன்றுதான். வாய் வழியாகவும் வரும். ஆகவே வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள் ஒவ்வொரு இலையாகக் கழுவுங்கள்.

அந்த லூஸைப் பற்றி இன்னொரு செய்தி. கொளுக்கிப் புழு தோல் வழியாக உள்ளே வருகிறது என்பதை உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். கெய்ரோவில் ஆய்வுசெய்துகொண்டிருந்தபோது, குடம்பிகள் இருந்த நீர்த்துளி ஒன்று அவர் கையில் தவறி விழுந்தது. கை சிவந்து அரித்தது. நீரில் இருந்த குடம்பிகள் எங்கே என்று தேடினார். அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பின்னர் தன் மலத்தைப் பரிசோதித்தபோது அதிலே கொளுக்கிப் புழுவின் முட்டைகள் இருந்தன. அவர் சொன்னதைப் பலர் முதலில் நம்பவில்லை.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிலானிக்கத்தின் முட்டைக்கும் மனிதக் கொளுக்கிப் புழுவின் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. அதனால் இது பல காலம் மறைந்தே இருந்தது. மரபணுச் சோதனை வந்த பிறகுதான் தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், மலேசியா போன்ற நாடுகளில் மனிதரிடம் இது பரவலாக இருப்பது தெரியவந்தது. உங்கள் பிள்ளைக்குப் பாடசாலையில் பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். குளிசை நல்ல குளிசை. பிள்ளையின் வயிற்றில் உள்ள புழுவைக் கொல்கிறது. முற்றத்தில் படுத்திருக்கும் நாயின் வயிற்றில் உள்ளதை அது எப்படிக் கொல்லும்? பிள்ளை மறுநாளே அதே மண்ணை மிதிக்கிறது.

இதை நம் மக்கள் ஒரு தடவை அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள். 1916 இல் மலையகத் தோட்டங்களில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறநிறுவனத்தார் கொளுக்கிப் புழுவுக்கு எதிராக வேலை தொடங்கினார்கள். தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில் மண் அப்படியே இருந்தது. அதே மக்களுக்குப் புழு திரும்ப வந்தது. மண்ணை விட்டுவிட்டு வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்ததன் பலன் அது. இன்று நம்மில் அநேகமானோர் வீட்டில் மலசலகூடம் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் இல்லை.

பூனை என்றதும் மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீடுகளில் நாய் வளர்ப்பது குறைவு, எனக்குத் தெரியும். பூனை செல்லமாக இருக்கிறது. சிலானிக்கத்துக்கு நாயும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான். பூனை தன் மலத்தைத் தோண்டி மூடும். வீடு கட்டக் குவித்து வைத்த மணல்தான் அதற்கு மிகப் பிடித்த இடம். பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுவதும் அந்த மணலில்தான். இரவில் ஒரு படங்கை இழுத்து மூடிவிடுங்கள்.

நம் ஊரின் கடற்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுட்டெரிக்கும் மணலில் குடம்பி காய்ந்து செத்துவிடும். அலை அடித்துக் கழுவும் இடத்திலும் பயம் குறைவு. இரண்டுக்கும் நடுவே, கரையில் கவிழ்த்து வைத்த வள்ளங்களின் நிழலைப் பாருங்கள். நாய்கள் வெயிலுக்கு ஒதுங்குவது அங்கே. அவை மலம் கழிப்பதும் அதன் ஓரத்தில். மணல் ஈரம் மாறாமல் இருப்பதும் அங்கே. வலை இழுக்கும் தகப்பனுக்காகப் பிள்ளை காத்திருந்து குழி தோண்டி விளையாடுவதும் அதே நிழலில். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றின் மழையில் நிழலே தேவையில்லை. கரை முழுவதும் ஈரம்தான்.

கோணேசர் கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறுவதை நான் குறை சொல்லவில்லை. வெயில் காய்ச்சிய கல்லிலும் தாரிலும் இந்தப் புழு பிழைக்காது. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றின் குடற்புழுக்கள் பெரும்பாலும் மனிதக் குடலில் வாழ்வதில்லை. தீனி கொடுத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், போதும். தயவுசெய்து பொலித்தீன் பையோடு எதையும் போடாதீர்கள். மான் பையையும் சேர்த்துத் தின்கிறது. அது வயிற்றில் அடைத்துச் சாகிறது.

இனி அந்தக் குட்டி வாந்தி எடுத்த வெள்ளைப் புழு. அது கொளுக்கிப் புழு அல்ல, நாயின் வட்டப்புழு, பெயர் ரொக்சோகாரா. தாய் நாயின் தசைக்குள் உறங்கும் குடம்பிகள், கரு வளரும் காலத்தில் விழித்து, கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும். அதாவது குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது. மூன்று நான்கு கிழமையில் அதன் மலத்தில் முட்டை வரும்.

அந்தச் சிறுமி வாந்தியைத் துடைத்தபோது தாய் பதறினார். அந்த நேரத்தில் அவள் கையில் பட்டது புதிய முட்டையாக இருந்தால் அதனால் ஆபத்தில்லை. மண்ணில் இரண்டு முதல் நான்கு கிழமை கிடந்த பிறகே அது தொற்றும். ஆபத்து அவர்களுடைய முற்றத்தில், சென்ற மாதத்து மலம் காய்ந்து மண்ணோடு மண்ணான இடத்தில் இருந்தது. மலம் மறைந்துவிடும், முட்டை வருடக்கணக்கில் இருக்கும். சாதாரணக் கிருமிநாசினி அதைத் தொடாது. மண் பட்ட விரலைச் சூப்பும் பிள்ளையின் குடலில் அது பொரிக்கும், ஆனால் அங்கே வளராது. ஈரல், நுரையீரல், சில வேளை கண் என்று குடம்பி அலையும். 1950 இல் அமெரிக்காவில் ஹெலனர் வைல்டர் என்ற பெண் ஆய்வாளர், புற்றுநோய் என்று எண்ணி அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களைச் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது புற்று அல்ல, இப்படிப்பட்ட புழுக் குடம்பி என்று கண்டார். ஒரு குட்டியின் புழுவுக்காக ஒரு குழந்தையின் கண். இதைச் சொல்லும்போது என்னால் அமைதியாகச் சொல்ல முடிவதில்லை.

தெள்ளினால் வரும் நாடாப்புழு இதைவிடச் சிறிய தொல்லை. நாயின் தெள்ளைத் தவறி விழுங்கிய குழந்தைக்கு வரும். உள்ளாடையில் சோற்றுப் பருக்கை போல, வெள்ளரி விதை போல ஏதாவது கண்டால் கீரிப்பூச்சி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வழக்கமான பூச்சி மருந்துக்கு அது அசையாது, பிராசிகுவான்டல் என்ற வேறு மருந்து வேண்டும். வைத்தியரிடம் ஒரு போத்தலில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இவ்வளவும் கேட்டபின் தெரு நாயைக் கல்லால் அடிக்கலாம் என்று யாரும் நினைத்தால், நான் பேசியது வீண். அடிபட்ட நாய் அடுத்த ஒழுங்கையில் மலம் கழிக்கும், அவ்வளவுதான். நான் கேட்பது ஒரு காரியம். பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நாளை நாட்காட்டியில் குறிக்கிறீர்கள் அல்லவா? அதே நாளில் நாய்க்கும் பூனைக்கும் கொடுங்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. குட்டிகளுக்கு இரண்டு கிழமை வயதில் தொடங்கி, எட்டுக் கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. பால் கொடுக்கும் தாய்க்கும் சேர்த்து. உங்களுடைய குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்க்கான மருந்து வேறு, அளவு எடையைப் பொறுத்தது. வளவில் விழும் மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளி மலசலகூடத்தில் கொட்டுங்கள்; அன்றைக்கு அள்ளினால் முட்டைக்குப் பொரிக்க அவகாசம் இல்லை. பிள்ளைக்குக் காலில் செருப்பு.

கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லும் காலத்தில், முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு, தயங்காமல் பூச்சி மருந்தை எடுங்கள். இரத்தச்சோகையோடு பிள்ளை பெறுவது தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

கதவருகே ஒரு தராசும் ஒரு பெட்டி மருந்தும் வைத்திருக்கிறேன். வீட்டில் குட்டி போட்ட நாய் உள்ளவர்கள் போகும்போது என்னிடம் வாருங்கள். எத்தனை குட்டி, எந்தத் திகதியில் பிறந்தன என்று மட்டும் சொல்லுங்கள். நாளை காலை குட்டிகளைக் கொண்டு வர முடியாதவர்கள் ஒழுங்கையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். தராசைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.