ஈரம் உலரும் அந்த ஒரு மணி நேரம்

வேலூர் நேயர்களுக்கும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கங்களிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் என் வணக்கம். மாவட்டம் எத்தனையாகப் பிரிந்தாலும் வடாற்காடு என்று சொல்லியே பழகிய தலைமுறை நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்றுக்கொடுத்தேன். வகுப்பறையில் நேரமில்லாமல் விட்டுப்போன ஒரு பாடத்தை இன்று உங்களோடு பேசப்போகிறேன். நெளி முடியைப் பற்றிய பாடம் அது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், காலை மணி அடிப்பதற்குள் குழாயடிக்கு ஓடும் பிள்ளைகள் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, நெற்றியோரத்து முடியைப் படிய வைத்து அழுத்துவார்கள். பரட்டைத் தலையோடு வரிசையில் நிற்காதே என்று யாராவது திட்டிவிடுவார்கள் என்ற பயம். இரண்டாவது பாடவேளைக்குள் அந்த ஈரம் காய்ந்துவிடும். முடி முன்பைவிட அதிகமாக எழும்பி நிற்கும். பிறகு அந்தப் பிள்ளை நாள் முழுக்கத் தலையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எனக்கும் நெளி முடிதான். என் அம்மா இழுத்துப் பின்னிய பின்னலின் வலி இன்னும் நினைவிருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனது பிசையும்.

பழந்தமிழ்ப் புலவர்கள் கூந்தலுக்கு உவமை தேடியபோது ‘அறல்’ என்ற சொல்லை எடுத்தார்கள். ஆற்றில் வெள்ளம் வடியும்போது கருமணலில் வரி வரியாக அலை பதிந்திருக்குமே, அதுதான் அறல். கூந்தலை ஐந்து வகையாக முடிப்பதை ஐம்பால் என்றார்கள். அதில் ஒன்றின் பெயரே சுருள். நெளிந்த கூந்தல் இந்த மொழியில் அழகாகத்தான் இருந்திருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் வந்து வடிந்த பிறகு, மணல் மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்து ஒருமுறை இறங்கி நில்லுங்கள். அந்த வரிகளைப் போட்டது தண்ணீர். அது வடிந்துபோகும் வேளையில் போட்டது. வடியும்போது யாராவது காலால் கலைத்துவிட்டால் வரி இருக்காது. நெளி முடியின் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இரண்டு விதமான பிணைப்புகள் முக்கியமாகப் பிடித்துவைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. வலுவானது, தண்ணீருக்கு அசையாது. மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தலை நனைந்தவுடன் அவிழ்ந்துவிடும், உலர உலர மறுபடி கட்டிக்கொள்ளும். உலரும் நேரத்தில் முடி எந்த வடிவத்தில் கிடக்கிறதோ, அடுத்த முறை நனையும் வரை அந்த வடிவத்தையே பெரிதும் வைத்திருக்கும். குழாயடியில் அழுத்திய பிள்ளையின் தலையில் நடந்தது இதுதான். நனைத்தாள், பிணைப்பு அவிழ்ந்தது, ஓடி வந்தாள், காற்றில் கலைந்தபடியே காய்ந்தது.

முடியின் மேற்பரப்பு ஓடு வேய்ந்த கூரை மாதிரி, செதிலுக்கு மேல் செதிலாக இருக்கும். நேரான முடியில் அந்த ஓடுகள் ஒழுங்காகப் படிந்திருக்கும். நெளியும் இடங்களில் சற்றுத் தூக்கிக்கொள்ளும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயும் வளைவுகளைத் தாண்டி நுனி வரை எளிதில் இறங்காது. ஆகவே வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியுமாக இருக்கும். வறண்ட முடி காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாறுமாறாக உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காட்பாடியில் ரயில் ஏறும்போது ஒழுங்காக இருந்த தலை, சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது வேறு தலையாக மாறிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். கடற்காற்றின் ஈரம் செய்யும் வேலை அது. 1783-ஆம் ஆண்டில் சொசூர் என்ற ஸ்விட்சர்லாந்து அறிவியலாளர், காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்றை மனித முடியைக் கொண்டே வடிவமைத்தார். அவ்வளவு நுட்பமாக ஈரத்தை உணரக்கூடிய பொருள் உங்கள் தலையில் இருக்கிறது. அதன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

குளியலுக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஊர் நமக்கு ஒரு பெரிய பாடத்தை வைத்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் பலர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பதனிடுவதற்கு முன் தோலிலிருந்து முடியை எப்படி எடுக்கிறார்கள்? சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் ஊறப்போடுகிறார்கள். அசையாது என்று நான் சொன்ன அந்தக் கந்தகப் பிணைப்பே அங்கே அறுந்துபோகிறது. தோல் நிற்கிறது, முடி கூழாகிக் கழன்றுவிடுகிறது. காரத்தன்மைக்கும் முடிக்கும் ஆகவே ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மேல் தேய்த்துக் குளிக்கும் சோப்புக்கட்டி அந்தச் சுண்ணாம்புக் கரைசல் அளவுக்குக் கொடியது இல்லை. ஆனாலும் அதுவும் காரம்தான். அதைத் தலைக்குத் தேய்த்தால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், சிக்கு விழும். வீட்டில் ஆண்களும் பையன்களும் இதைத்தான் செய்கிறார்கள். நெளி முடி உள்ள பையன்களுக்காகவும்தான் பேசுகிறேன்.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் இன்னும் மோசம். வாளியின் உட்புறத்திலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காத வீடுகள் நம் பக்கம் ஏராளம், தெரியும். கடைசியாக அலசுவதற்கு மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையைக் கூரை கழுவிப்போக விட்டுவிட்டு, அடுத்த மழையை அண்டாவில் பிடித்துவைத்து அலசிப் பாருங்கள். 2003-இல் தமிழ்நாடு முழுவதும் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தத் தண்ணீரைவிட மென்மையான தண்ணீர் தலைக்குக் கிடையாது.

சீயக்காய் நல்ல பொருள். அதன் நுரை இயற்கையானது, மெல்லிய அமிலத்தன்மை கொண்டது. ஆனால் மில்லில் அரைத்த தூளை அப்படியே குழைத்து நெளி முடியில் தேய்க்காதீர்கள். திப்பி வளைவுகளில் சிக்கிக்கொள்ளும். அதை எடுக்கப்போய்ப் பாதி முடி கையோடு வரும். முந்தின இரவே வெந்நீரில் ஊறவைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தத் தெளிவை மட்டும் பயன்படுத்துங்கள். ஷாம்பு போடுகிறவர்கள் அரைச் சொம்பு தண்ணீரில் கரைத்துத் தலைத்தோலுக்கு மட்டும் போட்டால் போதும். வழிந்து இறங்கும் நுரையே நீளத்தைச் சுத்தம் செய்துவிடும்.

குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். இது பாட்டி சொன்னதற்காக மட்டும் சொல்வதில்லை. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, முடிக்குள் புகுந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் ஊறினாலும் போதும். நுனியில் தாராளமாக, வேரில் கொஞ்சமாக.

சிக்கு எடுப்பது எப்போது? காய்ந்த தலையில் கூடாது. கண்டிஷனரோ, அரைத்து வடிகட்டிய செம்பருத்தி இலைச் சாறோ பூசி, முடி வழவழப்பாக இருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எடுக்க வேண்டும். பெரிய பல் சீப்பு, அல்லது விரல்கள். நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போக வேண்டும். ஈரமான முடி இழுத்தால் நீளும்; நீளுகிறதே என்று இழுத்தால் அறுந்துவிடும். அலசிய பிறகு சீப்பைத் தொடவே வேண்டாம். காய்ந்த நெளி முடியைச் சீவினால், சேர்ந்து சுருண்டிருந்த நூறு முடி தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பரட்டை என்று நாம் பழிப்பது பெரும்பாலும் இப்படிச் சீவிக் கலைத்த தலையைத்தான்.

இனி அந்த ஒரு மணி நேரம். குளித்துவிட்டு வந்ததும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, துண்டை முறுக்கிப் பட் பட்டென்று அடித்து ஈரம் போக்குகிறோம். அல்லது டர்க்கித் துண்டால் கரகரவென்று துவட்டுகிறோம். நேரமில்லாவிட்டால் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, பூவும் வைத்துக் கிளம்பிவிடுகிறோம். மூன்றுமே மணல் வரியைக் காலால் கலைக்கிற வேலை.

குடியாத்தத்துப் பழைய கைத்தறி லுங்கி ஒன்று வீட்டில் இருக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். அதைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் இல்லை. அதை நாற்காலியிலோ கட்டிலிலோ விரியுங்கள். குனிந்து, முடி முழுவதும் அதன் மேல் மடிந்து மடிந்து இறங்கும்படி விட்டு, துணியின் இரு முனைகளையும் எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டுங்கள். இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் காபி போடலாம், இட்லி ஊற்றலாம். அவிழ்த்த பிறகு, முடியைக் கீழிருந்து உள்ளங்கையில் ஏந்தி, தலையை நோக்கி மெல்லத் தூக்கி அமுக்கி விடுங்கள். தேய்க்க வேண்டாம், பிழிய வேண்டாம். நெளி தானாகக் கூடி வருவதைக் கை உணரும். பிறகு முழுதாகக் காயும்வரை தலையில் கை வைக்காதீர்கள். இதுதான் கடினம். நம் கை சும்மா இருக்காது. மின்விசிறிக்கு நேர் கீழே நிற்காமல் சற்றுத் தள்ளி உட்காருங்கள். கத்திரி வெயிலில் மாடிக்குப் போய்க் காயவைக்காதீர்கள். நம் ஊர் மே மாத வெயில் மிளகாய்க்கு நல்லது, முடிக்கு ஆகாது.

காய்ந்த பிறகும் மேலே மெல்லிய இழைகள் பறக்கின்றன என்றால், நெசவாளர் தெருவில் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள் இல்லையா? நூலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் படியவைக்கத்தான். அதே வேலையைத் தலைக்கு ஆளி விதை செய்யும். இரண்டு மேசைக்கரண்டி ஆளி விதையை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு சூடாக வடிகட்டுங்கள், ஆறினால் வடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். துணியில் கட்டுவதற்கு முன், ஈரத்தலையில் ஒரு சிறு கையளவு தடவினால் போதும். காய்ந்ததும் கொஞ்சம் மொரமொரப்பாக இருக்கும். இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு மெல்ல அமுக்கினால் மொரமொரப்பு போய் நெளி மட்டும் நிற்கும். வடிகஞ்சியும் உதவும், நன்றாக நீர்த்துப் போட்டால். கெட்டியாகப் போட்டால் விறைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றை நேராகத் தலையில் பிழியாதீர்கள்.

இரவில் இரண்டு தளர்ந்த பின்னல். கிழிந்துபோன ஆரணிப் பட்டின் முந்தானைப் பக்கத்தை விட்டுவிட்டு, ஜரிகை இல்லாத உடல் பகுதியை வெட்டித் தலையணை உறையாகத் தைத்துக்கொள்ளுங்கள். பருத்தி உறை முடியை உரசும். பட்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

என் தங்கை மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்துக்காக ஓர் அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்டாள். ஈரம் முழுதாகப் போகும் முன்பே 200 டிகிரி சூட்டுக் கருவியை வைத்திருக்கிறார்கள். முடிக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகிச் சீறியிருக்கிறது. அன்று மாலை எல்லோரும் அழகு என்றார்கள். ஆறு வாரத்தில் தோள் அளவுக்குக் கீழே எல்லாம் பொடிப் பொடியாக உடைந்தது. என்னிடம் வந்து உட்கார்ந்து, “பெரியம்மா, மாப்பிள்ளை வீட்டில் என் பழைய முடியைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?” என்று கேட்டாள். எனக்குக் குழாயடிப் பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

வெந்த முடியை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வந்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில்தான் குளியல். கல்யாணத்தன்று கழுத்துக்குக் கீழே நான்கு விரற்கடை நீளம்தான் இருந்தது. சவுரி வைக்கலாம் என்றார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, என் பழைய லுங்கித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கையில் மருதாணியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி அம்மாள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, அது என்ன கட்டு என்று கேட்டார். அவருக்கும் நெளி முடி. நான் இன்னொரு துணி எடுத்து வந்தேன்.

வணக்கம்.