தாளில் எழுதிய பெயர்கள்

அவையோருக்கு வணக்கம்.

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 1988இல் ஜாஸ் இசையமைப்பாளரும் குழுத்தலைவருமான டியூக் எலிங்டனின் இசைத்தாள்கள் வந்து சேர்ந்தன. அச்சேறாத இசை மட்டுமே ஏறக்குறைய ஒரு லட்சம் பக்கம். அந்தத் தாள்களில் ஒரு விநோதம் உண்டு. வழக்கமாக ஒரு வாசிப்பாளரின் தாளில், மேல் மூலையில், ‘முதல் டிரம்பெட்’, ‘இரண்டாம் ஆல்ட்டோ’ என்று போட்டிருப்பார்கள். இங்கே பல தாள்களில் ‘கூட்டி’, ‘ராப்’, ‘டிரிக்கி’ என்று இருக்கிறது. கூட்டி வில்லியம்ஸ், ‘முயல்’ என்று பட்டப்பெயர் வாங்கிய ஜானி ஹாட்ஜஸ், டிரிக்கி சாம் நான்டன். எலிங்டன் வாத்தியத்துக்கு எழுதவில்லை, தன் குழுவின் ஆளுக்கு எழுதினார்.

அந்த ஆட்களில் எவரும் இன்று இல்லை. அப்படியானால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிக் பேண்டு, அதாவது பெரிய ஜாஸ் குழு, விட்டுச்சென்ற சொத்து என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முழு வளர்ச்சி பெற்ற பிக் பேண்டில் 17 பேர். டிரம்பெட் 4, டிராம்போன் 4, சாக்ஸபோன் 5: அதில் ஆல்ட்டோ 2, டெனர் 2, பாரிடோன் 1. பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் சேர்ந்த தாளக்கூட்டம் 4. 1920களில் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவுக்கு டான் ரெட்மன் எழுதிய காலத்தில் ஆட்கள் இதைவிடக் குறைவு. ஆனால் டிரம்பெட், டிராம்போன் ஆகிய பித்தளை வாத்தியங்கள் ஒரு கட்சி, சாக்ஸபோன் ஒரு கட்சி, ஒன்று கேட்க மற்றொன்று பதில் சொல்லும் என்ற முறை அங்கேதான் நிலைபெற்றது. 1924இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அந்தக் குழுவில் சேர்ந்தார். ஒற்றை டிரம்பெட் ஸ்விங் செய்ததை, அதாவது சமமான ஸ்வரங்களை ஊசலாடவிட்டு வாசித்ததை, பார்த்து மொத்தக் கட்சியும் ஸ்விங் செய்யக் கற்றுக்கொண்டது.

அந்தக் கட்சி எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஸ்வரத்திலேயே சொல்லலாம். ச-க-ப-த நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது ஒரு கார்டு. மெட்டு ‘ப’வில் நிற்கிறது என்று வையுங்கள். முதல் ஆல்ட்டோவுக்கு ப. அதன் கீழே நெருக்கமாக க, ச, கீழ் த என்று மூன்று பேர். ஐந்தாவதான பாரிடோன், மெட்டின் அதே ‘ப’வை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும். மெட்டு ‘ம’வுக்கு நகர்ந்தால் அது இந்தக் கார்டில் இல்லாத ஸ்வரம். அப்போது ம, ரி, நி, சுத்த தைவதம் என்ற இன்னொரு நான்கைக் கொடுப்பார்கள். அடுத்து ‘க’ வந்ததும் பழைய கார்டுக்கே திரும்பல். இப்படி மாறி மாறிப் போனால் ஐந்து சாக்ஸபோனும் ஒரே தொண்டையில் பாடுவதுபோல் கேட்கும்.

இதற்கு ஒரு வசதி உண்டு. யார் கையில் கொடுத்தாலும் ஒலிக்கும். அதனால்தான் அதை விற்க முடிந்தது. 1934இல் ஹெண்டர்சனின் குழு கலைந்தது. அவருடைய அரேஞ்ச்மென்டுகளை, அதாவது பாட்டுகளைக் குழுவுக்குப் பிரித்து எழுதிய தாள்களை, வெள்ளையினக் குழுத்தலைவரான பென்னி குட்மன் வாங்கினார். 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலோமர் நடன அரங்கில் குட்மன் குழு அதை வாசித்தபோது கூட்டம் கொந்தளித்தது. ஸ்விங் காலம் பிறந்த நாள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எழுதிய கறுப்பினக் கலைஞருக்கு அந்தப் புகழில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது சரியல்ல.

இன்னொரு குழுத்தலைவரான கவுண்ட் பேசியின் கதை தலைகீழ். கான்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் அவர் குழு வாசித்ததில் பெரும்பகுதி தாளிலேயே இல்லை. ஒரு சாக்ஸபோன்காரர் நாலு பார் (தாள ஆவர்த்தனம்) நீளத்துக்கு ஒரு சின்ன ‘ரிஃப்’, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு, எடுப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு ஸ்வரம் பிடித்துச் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த சுற்றில் டிரம்பெட்டுகள் இடைவெளியில் பதில் போடும். அதற்கடுத்த சுற்றில் டிராம்போன்கள் அடியில் மூன்றாவது ஒன்றைப் போடும். 12 பார் ப்ளூஸ் திரும்பத் திரும்ப வருவதால் இது சாத்தியம். 1937இல் பதிவான ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ இப்படி உருவானதுதான்.

பேசியின் சொத்து தாளில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? கிட்டாரில் பாருங்கள். 1937இல் சேர்ந்த ஃபிரெடி கிரீன் ஐம்பது வருஷம், 1987இல் சாகும்வரை, ஒரு பாருக்கு நாலு அடி மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, கிடையாது. முழுக் கார்டும் கிடையாது, நடுத்தந்திகளில் இரண்டு மூன்று ஸ்வரம்தான். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இடக்கை விரலைத் தளர்த்தி ஒலியை நிறுத்துவார். இன்றைய குழுக்கள் முதலில் கெடுப்பது இதைத்தான். கிட்டாரை ஆம்ப்பில் செருகுகிறார்கள், ஆறு தந்தியையும் அடிக்கிறார்கள். பியானோவும் அதே கார்டை வாசிக்கிறது. டிரம்ஸ்காரர் பாஸ் டிரம்மை உதைக்கிறார். அதைத் தொட்டும் தொடாமலும் இறகால் தட்டுவதுபோல் மிதிக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ் தந்தி காதில் விழாது, பாஸ் விழாவிட்டால் மற்ற பதினாறு பேரும் ஆளுக்கொரு வேகத்தில் ஓடுவார்கள்.

ஸ்விங் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. தாளில் சமமாக எழுதிய இரண்டு எட்டிலொரு பங்கு ஸ்வரங்களை, நடுத்தர வேகத்தில் திச்ர நடைபோல வாசிக்கிறோம். ‘தகிட’வில் ‘கி’யை விழுங்கி ‘த’வை நீட்டினால் கிடைப்பது அது. ஆனால் வேகம் ஏற ஏற அந்த இரண்டும் சமத்தை நோக்கிப் போக வேண்டும். மாணவர் குழுக்கள் அதிவேகப் பாட்டிலும் திச்ரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதால் குதிரை வண்டிச் சத்தம் கேட்கிறது. மெதுவான பாட்டில் நேர்மாறான ஆபத்து. நீல் ஹெஃப்டி எழுதி 1957இல் பேசி குழு பதிவு செய்த ‘லில் டார்லின்’, நிதானமான நாடித்துடிப்பின் வேகத்தில் நடப்பது. தாளில் கடினமான ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே பத்தாவது பாருக்குள் எல்லோரும் அவசரப்படுவார்கள். ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பது பாதி விஷயம், எங்கே முடிகிறது என்பதையும் முதல் டிரம்பெட் வாயால் பாடிக்காட்டி நிர்ணயிக்க வேண்டும்.

இப்போது எலிங்டன். 1927 டிசம்பரில் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தவர். 1930 அக்டோபரில் பதிவான ‘மூட் இண்டிகோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி கிளாரினெட் உச்சியில், டிரம்பெட் நடுவில், டிராம்போன் அடியில். எலிங்டன் அதைக் கவிழ்த்தார். மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பு) போட்ட டிரம்பெட் மேலே, அதை ஒட்டி உச்ச ஸ்தாயியில் மியூட் போட்ட டிராம்போன், ஒரு ஸ்தாயிக்கும் கீழே கிளாரினெட். ஆர்தர் வெட்சல், நான்டன், பார்னி பிகார்ட். அன்றைய மைக்கில் இந்த மூன்றும் கலந்து, எந்த வாத்தியத்துக்கும் சொந்தமில்லாத ஒரு நான்காவது நிறம் வந்தது.

இதை இன்று வாசிக்க எழுதிய ஸ்வரம் மட்டும் போதாது. மூவரும் தங்கள் கட்சி நாற்காலிகளை விட்டு எழுந்து ஒரே மைக் முன்னால் நெருங்கி நிற்க வேண்டும். டிராம்போனுக்கு அந்த உயரத்தில் சத்தம் தானாக ஏறும், கிளாரினெட்டுக்குக் கீழ் ஸ்தாயியில் சத்தம் மெல்லியது. ஆகவே மற்ற இருவரும் கிளாரினெட்டின் அளவுக்கு இறங்க வேண்டும். மியூட் செருகினால் சுருதி சற்று ஏறும். டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெரும்பாலான மேடைகளில் இந்தப் பாட்டு தோற்பது இந்த ஓர் அங்குலத்தில்.

நான்டனின் ‘யா-யா’ உறுமலுக்கு வேண்டிய கருவி பிளம்பிங் கடையில் கிடைக்கும். அடைப்பெடுக்கும் ரப்பர் பிளஞ்சரின் கைப்பிடியைக் கழற்றினால் போதும். முதலில் ஒரு குட்டி நேர் மியூட்டை டிராம்போனின் அகன்ற முன்வாயில் செருகி, அதன்மேல் பிளஞ்சரைத் திறந்து மூட வேண்டும். தாளில் கூட்டல் குறி என்றால் மூடு, வட்டம் என்றால் திற. முழுக்க அடைத்தால் ஒலி திணறும், சுருதி எகிறும். அடியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். உறுமல் தொண்டையிலிருந்து வருவது, ஆகவே ஒத்திகையில் அரைமணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். வாசிப்பவர் பாவம்.

1942க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிவிடலாம். இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவு நிறுத்தம், போர்க்காலப் பெட்ரோல் ரேஷன், கேளிக்கை வரி, 17 பேர் சம்பளம். ஒவ்வொன்றாகக் குழுக்கள் கலைந்தன. எலிங்டன் தன் பாட்டுகளின் ராயல்டியைப் போட்டுக் குழுவைக் காப்பாற்றினார். 1963இல் அந்தக் குழு அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில் டெல்லி, சென்னை, கொழும்பு வரை வந்தது. அதன் எதிரொலியாகப் பின்னர் பதிவான ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்ற இசைத்தொகுப்பில் ஒரு மைனாவின் குரலைக் கிளாரினெட் வாசிக்கிறது. ‘ஆக்ரா’ என்ற பகுதி முழுக்க ஹாரி கார்னியின் பாரிடோன். கார்னி 1927இலிருந்து 1974 வரை அதே நாற்காலியில் இருந்தவர்.

அதே தொகுப்பை எலிங்டனோடு சேர்ந்து எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். 1941இல் உரிமைத்தொகைத் தகராறில் எலிங்டனின் பாட்டுகள் வானொலியில் போகாமல் நின்றபோது, குழுவின் அடையாளப் பாட்டான ‘டேக் தி ஏ டிரெய்ன்’ ஸ்ட்ரேஹார்னுடையதாகவே வந்தது. இருவர் கையெழுத்தையும் தாள்களில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எது யாருடையது என்பது பல இடங்களில் தெளிவானது. அருங்காட்சியகம் வெறும் நினைவுச்சின்னம் அல்ல என்பதற்கு இது போதும்.

இன்று இந்த மரபு இரண்டு இடங்களில் உயிரோடிருப்பதைக் காட்டலாம். நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் 1966இல் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் தொடங்கிய திங்கட்கிழமைக் குழுவின் வாரிசுகள் இன்னமும் திங்கட்கிழமைகளில் வாசிக்கிறார்கள். லிங்கன் சென்டரின் ஜாஸ் அமைப்பு 1990களின் நடுவிலிருந்து எலிங்டனின் ஸ்கோர்களை, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் சேர்ந்த முழு இசைத்தாள்களை, செப்பனிட்டுப் பள்ளிக் குழுக்களுக்கு இலவசமாகத் தருகிறது.

அந்த ஸ்கோர் கையில் கிடைத்தால் செய்ய வேண்டிய வேலை இது. முதலில் ஒலிப்பதிவை ஒரு கட்சி ஒரு தடவை என்று நான்கு தடவை கேளுங்கள். பிறகு பாரிடோன் தாளைத் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். எலிங்டன் பல இடங்களில் பாரிடோனுக்குக் கார்டின் ஆதார ஸ்வரத்தைக் கொடுக்க மாட்டார், ஆறாவதையோ ஏழாவதையோ கொடுப்பார். கார்னியின் தடித்த ஒலியை நம்பி எழுதியது அது. உங்கள் பாரிடோனுக்கு அந்தத் தடிமன் இல்லையென்றால் ஸ்வரத்தை மாற்றாதீர்கள், ஊதும் இடத்திலுள்ள ரீடை (நாணல் தகட்டை) மாற்றிப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மற்ற நால்வரின் சத்தத்தைக் குறையுங்கள். ஹாட்ஜஸின் தனி வாசிப்புக்கு மட்டும் வேறு விதி. முதல் மாதம் அதை எழுத்துக்கு எழுத்து வாசிக்க வைத்துவிட்டு, இரண்டாம் மாதம் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.