படி ஏறிய கண்டக்டர்கள்

நேயர்களுக்கு வணக்கம். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களில் முடிந்தவர்கள் எழுந்து நின்றே கேளுங்கள். உடல் அசைவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உடற்பயிற்சி வேறு, அசைவு வேறு. நான் சொல்வது அசைவு.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்டது. டிரைவரும் கண்டக்டரும் போவது ஒரே பஸ்ஸில். டிரைவர் வேலை நேரம் முழுக்க இருக்கையில். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு 500 படிக்கு மேல். மாரடைப்பு யாருக்கு அதிகம் வந்தது? டிரைவர்களுக்கு.

டிரைவர்கள் முதலிலேயே குண்டாக இருந்திருப்பார்களோ? மோரிஸ் அதையும் விடவில்லை. சீருடை அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியானவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலும், திடீர் மாரடைப்பு மரணம் டிரைவர்களிடம்தான் அதிகம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று படி ஏறவில்லை. வேலை ஏற வைத்தது. இன்றைய வேலை நம்மை உட்கார வைக்கிறது. 2022-இல் உலகத்தில் சுமார் 180 கோடிப் பெரியவர்கள், அதாவது 31 சதவீதம் பேர், போதிய அளவு அசையவில்லை. இத்தனை பேரையும் சோம்பேறி என்று திட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது, மூச்சு சற்று வாங்கும்படி நடந்தால் போதும். தொடர்ந்து 10 நிமிடம் நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம், 2020-இல் அதை எடுத்துவிட்டது. இரண்டு மாடி ஏறினால் அதுவும் கணக்குதான். அப்புறம், சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள். வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

குழந்தைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும். ஆசிரியர்களே, பாடம் முடியவில்லை என்று விளையாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோர்களே, மதிப்பெண் குறைந்தால் விளையாட்டை நிறுத்தாதீர்கள். நன்றி, வணக்கம்.