முதுகின் வழியே போகும் வெப்பம்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

தில்லியில் ஜனவரி மாதக் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி, வெறுங்காலை மொசைக் தரையில் வைத்த அனுபவம் உங்கள் அனைவருக்கும் உண்டு. உள்ளங்கால் சுரீரென்கிறது. கட்டிலை ஒட்டி விரித்திருக்கும் ஜமக்காளத்தில் அதே காலை வைத்தால் அவ்வளவு குளிர்வதில்லை. இரண்டும் இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்தவை; வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். தரை நம் காலின் வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொள்கிறது, ஜமக்காளம் மெதுவாக வாங்குகிறது, வேறுபாடு அவ்வளவுதான். குளிர்காலத்தில் மலையில் கூடாரம் அடித்துத் தங்குவோர் எந்த விரிப்பின்மேல் படுக்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு வேண்டிய பௌதிகத்தில் பெரும்பகுதி இந்தக் காலடியிலேயே இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கத்தில் சித்திரை வெயிலுக்குச் சிவப்பு சிமெண்டுத் தரையில் வெறுமனே உருண்டு சுகம் கண்டவர்கள்தாம் நாம். அதே தரையில் மார்கழியில் படுக்கப் போனால், ‘ஒரு பாயையாவது விரித்துக்கொள்’ என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். தரை உடம்பின் சூட்டை இழுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தில்லிக்கு வந்து, கஷ்மீரி கேட்டில் பேருந்தேறி மலைக்குப் போகத் தொடங்கியபின் நாம் மறந்துவிட்ட பாடம் அது. கடைக்குப் போனால் ஸ்லீப்பிங் பேகுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். அடியில் விரிப்பதற்கு, பணம் மீந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

ஸ்லீப்பிங் பேக் சூட்டைக் காப்பது அதன் பஞ்சு அல்லது இறகுகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றால். நாம் அதன்மேல் படுத்தவுடன் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் உள்ள பஞ்சு நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. மேற்பக்கம் எவ்வளவு உயர்ந்த பையாக இருந்தாலும், அடிப்பக்கத்தில் அது கிட்டத்தட்ட ஒரு துணியே. அந்தப் பைகளின்மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை எண்ணைக் கணிக்கும் சோதனையிலேயே, பைக்குள் வைக்கும் பொம்மையை வெப்பத்தைத் தடுக்கும் விரிப்பு ஒன்றின்மேல்தான் கிடத்துகிறார்கள். விரிப்பு இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட இரவைச் சொல்ல வேண்டும். டேராடூனுக்கு அப்பால் நாக் டிப்பா என்றொரு சிகரம் இருக்கிறது, உயரம் 3,022 மீட்டர். பந்த்வாரி கிராமத்திலிருந்து ஏறி, சிகரத்துக்குக் கீழே ஓரிடத்தில் டிசம்பர் முதல் வாரத்தில் கூடாரம் அடித்தோம். நாங்கள் ஐந்து பேர், அனைவரும் பள்ளி ஆசிரியர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. டேராடூன் சுமார் 640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாங்கள் தங்கிய இடம் அதைவிட இரண்டாயிரம் மீட்டர் மேலே. ஆகவே பதின்மூன்று டிகிரி குறையும் என்று கணக்கிட்டு, நல்ல ஸ்லீப்பிங் பேக் ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். அடியில் விரிக்க, வீட்டில் விருந்தாளிகள் வந்தால் ஊதிப் போடும் காற்று மெத்தையை எடுத்துப்போனேன். ஒரு சாண் உயரம் இருக்கும். மற்ற நால்வரும் விரற்கடை கனம்கூட இல்லாத ஃபோம் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்றிரவு எல்லோரிலும் சுகமாகத் தூங்கப்போவது நான்தான் என்று அனைவரும் நம்பினோம்.

நள்ளிரவுக்குள் எனக்கு முதுகு விறைத்துவிட்டது. மார்பின்மேல் கதகதப்பு இருந்தது, தோள்பட்டையிலும் இடுப்பிலும் மட்டும் யாரோ ஈரத்துணியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. பைக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாவுப் பாத்திரத்தைத் தொடுவதுபோல் சில்லிட்டது. இருந்த ஸ்வெட்டர்களையெல்லாம் மேலே போட்டுக்கொண்டும் பயனில்லை. மற்ற நால்வரின் குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்களோடு வந்த மலையூர் வழிகாட்டி, இருபது வயது இளைஞர், என் கூடாரத்தில் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மெத்தையை ஒருமுறை தடவினார். ‘டண்ட் நீச்சே ஸே ஆத்தீ ஹை, மேடம்’ என்றார். குளிர் கீழேயிருந்துதான் வருகிறது என்று பொருள். வெளியே போய்த் தன்னிடம் மிச்சமிருந்த ஃபோம் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து மெத்தையின்மேல் விரித்தார். கால் மணி நேரத்தில் முதுகு இளகியது. அதன்பின் விடியும்வரை தூங்கினேன். ஒரு சாண் காற்றால் ஆகாததை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஃபோம் செய்தது. வெப்பக் கடத்தலை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய எனக்கு அதை உடம்பில் உணர்த்தியவர் அவர்தான்.

காரணம் இதுதான். ஃபோமில் காற்று மிகச் சிறிய கண்ணறைகளில் தனித்தனியாக அடைபட்டிருக்கிறது, அசைய முடியாது. வெற்றுக் காற்று மெத்தையிலோ நாம் புரளும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று முழுவதும் அலைந்து, ஓரங்களில் குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. போதாததற்கு, மேல்பரப்பிலிருந்து கீழ்ப்பரப்புக்கு வெப்பம் கதிராகவும் இறங்குகிறது. கனம் மட்டும் குளிரைத் தடுக்காது. இதை இன்னொரு முறையும் சொல்கிறேன்: கனம் மட்டும் குளிரைத் தடுக்காது. மலைக்கென்றே செய்யும் நல்ல காற்று விரிப்புகளில் உள்ளே செயற்கைப் பஞ்சையோ இறகையோ வைக்கிறார்கள், அல்லது பளபளக்கும் உலோகப் பூச்சுள்ள மெல்லிய படலங்களை அடுக்குகிறார்கள். காப்பி கொண்டுபோகும் பிளாஸ்கின் உட்கண்ணாடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு செய்யும் வேலையையே அந்தப் படலமும் செய்கிறது.

அப்படியானால் கடையில் எதைப் பார்த்து வாங்குவது? ‘ஆர்-வேல்யூ’ என்ற எண்ணைப் பாருங்கள். வெப்பம் கடந்து போவதை விரிப்பு எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான அளவு அது. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து எழுதியது. 2018இல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுத் தரமுறை வந்தது. விரிப்பை ஒரு சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே வைத்து, மேல்தட்டின் சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்க்கிறார்கள். ஆகவே அந்தத் தரமுறையைக் குறிப்பிடும் விரிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். கோடைக்கு ஒன்று, இரண்டு போதும். மழைக்காலத்துக்குப் பிந்தைய குளிர்ந்த இரவுகளுக்கு மூன்று, நான்கு வேண்டும். தரை உறையும் இடமென்றால் நான்குக்கு மேல், பனியின்மேல் படுப்பதென்றால் ஐந்துக்கும் குறையாமல் வேண்டும். எளிதில் குளிர் தாக்குகிற உடம்பென்றால் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களைக் கூட்டலாம் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. ஆர் இரண்டு உள்ள ஃபோம் விரிப்பும், ஆர் மூன்று உள்ள காற்று விரிப்பும் சேர்ந்தால் ஐந்து. வருடத்தில் ஒருமுறை பனிக்குப் போகிறவர் அதற்கென விலையுயர்ந்த விரிப்பை வாங்கவே வேண்டாம். ஃபோமைக் கீழே போட்டால் முள்ளிலிருந்து காற்று விரிப்பைக் காக்கும், மேலே போட்டால் முதுகுக்குச் சூடு சீக்கிரம் தெரியும். என் முதல் பரிந்துரை எப்போதும் ஃபோம்தான். அது ஓட்டையாகாது, முள்ளுக்கு அஞ்சாது, நனைந்தாலும் துடைத்தால் போதும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு மட்டும் இடுப்பெலும்பு தரையில் அழுந்தும், அவர்கள் கனமான காற்று விரிப்புக்குப் போவது நியாயமே. மலிவான விரிப்புகள் பலவற்றில் ஆர்-வேல்யூ எழுதியிருக்காது. அத்தகையதை வாங்கினால் இரண்டாக வாங்கி அடுக்குங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். பராமரிப்பைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன், இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். காற்று விரிப்பை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், உடன் வரும் காற்றுப் பையைப் பயன்படுத்துங்கள். புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே ஓரிரவு ஊதிப் போட்டு, அதன்மேல் படுத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் சோப்பு நீரைத் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டு ஒட்டிவிடலாம். வணக்கம்.