அழுத பிள்ளைக்குத்தான் பால்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, தீப்பெட்டித் தொழிற்சாலையில், நம் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸில், வேலை முடிந்து, விரலில் காய்ந்த பசையைக்கூடக் கழுவ நேரமில்லாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று விரிந்த இந்தக் கரிசல் சீமை தலைநிமிரப் பெரிதும் காரணம் அரசின் திட்டமா, தொழில் செய்வோர் ஒன்றுகூடி எழுப்பிய குரலா? எங்கள் அணி குரல் என்கிறது.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "பால் தாயிடம்தான் இருக்கிறது. ரோடும் கரண்டும் வரிச்சலுகையும் அரசு கொடுத்தால்தான் உண்டு" என்றார். அண்ணே, பால் தாயிடம் இருப்பதை யார் மறுத்தது? பத்துப் பிள்ளை பெற்றவள் அடுப்படியில் நிற்கிறாள். திண்ணை மூலையில் கிடக்கிற கடைக்குட்டிக்குப் பசிக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அது அழ வேண்டும். இங்கிருந்து சென்னையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். டெல்லி எங்கே இருக்கிறது! கடைக்கோடியில் இருக்கிறவன் கத்தித்தான் ஆக வேண்டும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. மழை பொய்த்துப்போன மண். கிணறு தோண்டினாலும் தண்ணீருக்கு உத்தரவாதம் கிடையாது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். திரும்பி வந்து 1923-ல் இங்கே தொடங்கினார்கள். சிவகாசி வழியாக விருதுநகர்–தென்காசி ரயில் ஓடத் தொடங்கியது எப்போது? 1927-ல். தொழில் முதலில் வந்தது நடுவர் அவர்களே, தண்டவாளம் பிறகுதான் வந்தது. அண்ணன் சொன்ன வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்துப் பேசிய தங்கை காமராசர் பெயரைச் சொன்னதும் பந்தலே கைதட்டியது. நானும் தட்டினேன். ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்ததும் மதிய உணவு போட்டதும் அவர் ஆட்சிதான். அந்தக் காமராசர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று தங்கை சொல்லவில்லையே! விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை. அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது? வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியில் நடந்தது. வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுவில் ஒதுக்குகிற மகமை, அந்த ஊர் வாழ்க்கையிலேயே ஊறிய பழக்கம். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட நாடார் சமூகத்தார், யாரும் பள்ளிக்கூடம் கட்டித் தருவார்கள் என்று காத்திருக்காமல் தாங்களே கட்டினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று ஒரு வங்கியையும் தொடங்கினார்கள். இன்றைக்கு அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி.

மகமையை ஏன் இழுக்கிறேன் என்று நினைப்பீர்கள். கேட்கிறவனுக்கு ஒரு தகுதி வேண்டும். தன் கைக்காசைப் பொதுவில் போட்டவன் கேட்கிற கேள்விக்கு ஒரு கனம் உண்டு. எங்கள் அணி பேசுகிற குரல் அப்படிப்பட்டது. தனி ஒரு முதலாளி பின்வாசல் வழியாகப் போய்த் தன் ஆலைக்கு மட்டும் சலுகை வாங்கி வந்தால் அதை நாங்கள் குரல் என்று சொல்ல மாட்டோம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்: லைட்டர். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பிளாஸ்டிக் லைட்டர். அப்போது கடையில் பத்து ரூபாய். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். தீப்பெட்டி என்றால் குச்சி, மெழுகு, மருந்து, அட்டை, கட்டை அடுக்க, அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக வைக்க, ஒரு கை, பெட்டியில் அடைக்க ஒரு கை, பண்டல் போட ஒரு கை. இருபது பெட்டி விற்காமல் போனால் எத்தனை கைக்கு வேலை போகும்? இந்தத் தொழிலில் நேரடியாக ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அதில் பெரும்பாலோர் பெண்கள்.

டெல்லியில் இருக்கிற அதிகாரிக்கு இது தெரியுமா? அவருக்கு லைட்டர் என்பது இறக்குமதிப் பட்டியலில் ஓர் எண். கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் உற்பத்தியாளர் சங்கங்கள் கூடின. மனு எழுதின. சென்னைக்குப் போயின, டெல்லிக்கும் போயின. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் கடைசியில் ஆணை வந்தது: கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையில் வந்து இறங்கும் லைட்டரை இறக்குமதி செய்யத் தடை. அதோடு முடிந்ததா? உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்று சங்கங்கள் மறுபடியும் போய் நின்றன. 2024-ல் உதிரிபாகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆணையில் கையெழுத்துப் போட்டது அரசு, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தாளை மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்?

மூன்றாவதாகப் பேசிய ஐயா கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "குழந்தைகளை வேலைக்கு வைத்தவர்களும் இதே தொழில்காரர்கள்தானே? அவர்களாகவா நிறுத்தினார்கள்? 1996-ல் உச்ச நீதிமன்றம் அல்லவா சாட்டையைச் சுழற்றியது?" என்றார்.

ஐயா, அந்த இடத்தில் நான் தலைவணங்குகிறேன். என் அம்மா பத்து வயதில் கட்டை அடுக்கப் போனவர். விடியற்காலை இருட்டில் வண்டி வந்து நிற்குமாம், தூக்கக் கலக்கத்தில் ஏறுவாராம். பள்ளிக்கூடம் அவருக்கு ஜன்னல் வழியாகப் பார்த்த கட்டடம். அதை மறைத்துவிட்டு இந்த மேடையில் நான் தொழிலுக்காகப் பேசினால் வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது. அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டச் சட்டமும் நீதிமன்றமும்தான் வேண்டியிருந்தது. அந்தப் பெருமையை உங்களிடமிருந்து பறிக்க மாட்டேன்.

ஆனால் அதே அம்மா பிறகும் அந்த வேலைக்குத்தான் போனார். பெரிய மனுஷியாக, சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு. என்னைப் படிக்க வைத்தது அந்தக் காசு. சட்டம் குழந்தையை ஆபீஸிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்தக் குழந்தையின் தாய்க்கு மறுநாளும் வேலை இருக்க வேண்டும் என்றால் தொழில் பிழைத்திருக்க வேண்டுமே! 2007-லிருந்து ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டியை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். பதினான்கு வருஷம்! மெழுகு ஏறியது, பாஸ்பரஸ் ஏறியது, அட்டை ஏறியது. அந்த விலையை ஏற்றியது எந்தத் திட்டம்? சிவகாசியில் உற்பத்தியாளர் சங்கங்கள் கூடி எடுத்த முடிவு அது.

எங்கள் பக்கத்தின் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. பாதி இயந்திரம், பாதி கை என்று ஓட்டியவர்கள் தவித்தார்கள். குரல் கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆக்கினார்கள். 18 கட்டியவருக்கு நிம்மதி. 5 கட்டிய, கையை மட்டும் நம்பிய சின்ன ஆபீஸுக்காரருக்குச் சுமை. ஆகக் குரலிலும் பெரிய குரல், சின்னக் குரல் உண்டு. சங்கத்தில் நாற்காலி இல்லாதவனுக்கும் நாற்காலி போட வேண்டும், கட்டை அடுக்குகிற அக்காவையும் உட்கார வைத்து மனு எழுத வேண்டும். இதைச் சங்கங்களிடமே சொல்கிறேன். சின்னவன் குரல் எட்டவில்லை என்பதற்காகக் குரலே வேண்டாம் என்று சொல்வீர்களா? அவன் இன்னும் சத்தமாகப் பேச வழி செய்வோம் என்பீர்களா?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் முன்வரிசையில் இருக்கிற இந்த அக்காமார்களைக் கேளுங்கள். லைட்டர் வந்த நாட்களில் வாரத்தில் எத்தனை நாள் வேலை இருந்தது, யார் போய்ப் பேசிய பிறகு மாறியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையே எங்கள் அணியின் கடைசி வாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.