சாக்கில் கிடந்த பாகங்களில் ஒரு குட்டைச் சைக்கிள்

[காட்சி: மாடிப்படிக்கு அடியில் ஒரு கோணிச் சாக்கு. அதைக் கவிழ்த்ததும் இரும்புச் சாமான்கள் தரையில் சரிகின்றன.]

வணக்கம். இந்தச் சாக்குக்கு எங்கள் வீட்டில் 'உங்கள் சொத்து' என்று பெயர். மூன்று கிராங்க் (பெடல் மாட்டும் இரும்புக் கை), ஒன்றரை ஜோடி பெடல், யாரோ வேண்டாம் என்று கொடுத்த ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), துருப்பிடித்த கேரியர் எல்லாம் இதில் உண்டு. பத்து வருடமாகச் சேர்த்தது. போன மழைக்கு முன்னால் என் மனைவி இதைப் பார்த்து, "என்னங்க, இதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் எனக்கு ஒரு சைக்கிள் செய்துகொடுங்கள்" என்றார். பாதி கேலிதான். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய உயரம் 4 அடி 10 அங்குலம். வீட்டில் இருந்தது 26 அங்குல லேடீஸ் சைக்கிள். ஓட்டத் தெரியும், நன்றாகவே ஓட்டுவார். நிறுத்துவதில்தான் சிக்கல். சந்தைத் தெருவில் எதிரே ஆட்டோ வந்து நின்றால், கால் எட்டாமல் வண்டியைச் சாய்த்துக் குதிக்க வேண்டும். இரண்டு முறை தக்காளி உருண்டது. அதோடு சைக்கிள் திண்ணைக்குப் போய்விட்டது.

[காட்சி: லேடீஸ் சைக்கிளின் பக்கவாட்டுத் தோற்றம். தரையிலிருந்து சீட் வரை டேப் வைத்து அளக்கப்படுகிறது.]

இங்கே பலரும் செய்யும் தவறை நானும் செய்தேன். சக்கரம் சின்னதானால் வண்டி குட்டையாகிவிடும் என்று நினைத்து, அதே லேடீஸ் ஃபிரேமில் 20 அங்குலச் சக்கரம் இரண்டைப் பொருத்தினேன். சீட் இறங்கியது உண்மை. தெருவில் வைத்து முதல் மிதி மிதித்ததும் பெடல் சிமென்ட் தரையில் கர்ரென்று உரசியது. அந்தக் கோடு இன்னும் வாசலில் இருக்கிறது, கோலம் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு பார்வை கிடைக்கிறது.

என்ன நடந்தது என்றால், 26 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து சுமார் 33 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 20 அங்குலத்தில் அது 25 சென்டிமீட்டர்தான். மொத்த ஃபிரேமும் 8 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது, கிராங்க் சுழலும் அச்சும் கூடவே இறங்கிவிட்டது. முன்பு 27 சென்டிமீட்டரில் இருந்தது இப்போது 19. கிராங்கின் நீளமே 16.5 சென்டிமீட்டர். மிச்சம் இரண்டரை சென்டிமீட்டர், அதில் பெடலின் கனம் வேறு. வண்டியைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், கதை முடிந்தது.

ஆக, சின்னச் சக்கரத்துக்கென்றே பிறந்த ஃபிரேம் வேண்டும். கிராங்க் அச்சு சரியான உயரத்திலேயே இருக்கும், ஆனால் நடுக்குழாய் தாழ்ந்து, சீட் குழாய் குட்டையாக இருக்கும். பலன் அந்தக் குட்டைக் குழாயில்தான் இருக்கிறது. எங்கள் லேடீஸ் சைக்கிளில் சீட்டை அடியோடு இறக்கினாலும் 84 சென்டிமீட்டருக்குக் கீழே போகாது, குழாய் விடாது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய சிறுமியர் சைக்கிள் ஃபிரேமில் 73 வரை இறக்க முடிந்தது. உட்கார்ந்தபடியே இரண்டு கால் விரல்களும் தரையில் ஊன்றும். பழகிய பிறகு, மிதிக்கச் சுகமாக இருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

குழந்தைகள் ஃபிரேமில் பெரியவர் ஏறலாமா? எடை தாங்க வேண்டும். வெல்டு வைத்த இடங்களில் மயிர்க்கோடு போல விரிசல் இருக்கிறதா என்று பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். முக்கியமாக ஹேண்டில் குழாய்க்குக் கீழே. அங்கே பெயின்ட் சுருங்கியிருந்தால் அந்த ஃபிரேம் ஒரு முறை எங்கேயோ மோதியிருக்கிறது, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். சீட் தண்டு நீளமாக வேண்டும். குறைந்தது இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். எல்லைக் கோடு பொறித்திருந்தால் அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது.

[காட்சி: டயரின் பக்கவாட்டில் பொறித்த எண்கள், மிக அருகில்.]

அடுத்தது டயர். 20 அங்குலம் என்று கேட்டு வாங்கி வந்தேன். ரிம்மில் உட்காரவே இல்லை, தொளதொளவென்று தொங்கியது. கடைக்காரரைக் கேட்டால், "20 என்றுதானே கேட்டீர்கள்?" என்கிறார். அவர் சொன்னதும் சரி.

20 அங்குலம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு அளவு ரிம்கள் உண்டு. 20 பெருக்கல் 1.75 என்று போட்ட டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டர். 20 பெருக்கல் 1⅜ என்று பின்னத்தில் போட்ட டயருக்கு 451. இரண்டுக்கும் நாலரை சென்டிமீட்டர் வித்தியாசம்! அங்குலக் கணக்கை மறந்துவிடுங்கள். டயரின் பக்கத்தில் 47-406 என்பது போல ஓர் எண் சின்னதாகப் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். அந்த இரண்டாவது எண் பொருந்தினால் மட்டும் காசைக் கொடுங்கள். நான் 406 எடுத்தேன். அகலமான டயர் அதில் கிடைக்கும். அகலம் ஏன் வேண்டும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சாக்கில் இருந்த ஹப் வீணாய்ப் போனது. நம் ஊர் 28 அங்குலச் சைக்கிளில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. கிடைத்த ரிம்மில் 36 துளை. 40 துளை ஹப்பை வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது? 36 துளை ஹப் தேடி எடுக்க ஒரு வாரம் ஆனது. கம்பி கோக்கவும் கோட்டம் எடுக்கவும் எங்கள் தெருமுனைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணால் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ரிம் தன் கட்டைவிரல் நகத்தில் படும் சத்தத்தைக் கேட்கிறார். "தம்பி, கம்பி குட்டையாக இருந்தால் சக்கரம் கல்லு மாதிரி நிற்கும்" என்றார். சரியான பேச்சு. ஒரே கம்பி எண்ணிக்கையில் சின்னச் சக்கரம் பெரியதைவிட உறுதி.

[காட்சி: தரையில் சுண்ணாம்புக் கோடு. வால்வு கீழே வரும்படி சக்கரம் ஒரு முழுச் சுற்று உருட்டப்படுகிறது.]

சின்னச் சக்கரம் என்றால் மாங்கு மாங்கென்று மிதித்தாலும் வண்டி நகராது என்பது ஊர் பேச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வால்வு கீழே இருக்கும்போது ஒரு கோடு, ஒரு சுற்று உருட்டி மறுபடி ஒரு கோடு. 26 அங்குலத்தில் இடைவெளி சுமார் 2.07 மீட்டர். நம் சக்கரத்தில் 1.57.

பழைய வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைத் தடவை சுற்றும், வண்டி 5 மீட்டர் போகும். அதே பற்களைச் சின்னச் சக்கரத்தில் வைத்தால் 3.84 மீட்டர்தான். ஊர் பேச்சு பிறந்த இடம் இதுதான். ஆனால் இதில் சக்கரத்தின் குற்றம் ஒன்றுமில்லை, பல்லைத்தான் மாற்ற வேண்டும். பின்னால் 16 பல் ஃப்ரீவீல் போட்டால் 4.32. முன்னால் 52 பல்லும் கிடைத்தால் 5.1, பழைய வண்டியின் வேகமே வந்துவிடும்.

நான் 44-க்கு 16-ல் நிறுத்திக்கொண்டேன். நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்தால் மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தேங்காயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏற வேண்டியவருக்கு அதற்கு மேல் கனமான மிதி எதற்கு?

செயினைச் சாக்கிலிருந்து எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடாதீர்கள். புதுச் செயினில் 12 முழுக் கண்ணிகள் மிகச் சரியாக 12 அங்குலம். அளக்கும்போது ⅛ அங்குலம் கூடியிருந்தால் அது பல்லையும் சேர்த்துத் தின்றிருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. இப்போது எங்கள் வீட்டுக் கேட்டைப் பூட்ட உதவுகிறது.

[காட்சி: இரண்டு ஃபோர்க்குகள் அருகருகே. நூல் கட்டிச் சாய்வுக் கோடு காட்டப்படுகிறது.]

இனி ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹேண்டில் குழாயின் சாய்வைத் தரைவரை நீட்டிக் கோடு போட்டால் அது ஓரிடத்தில் தொடும். டயர் தரையில் படும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். ஆபீஸ் நாற்காலியின் சக்கரம் எப்போதும் பின்னால் இழுபட்டு வருகிறதே, அதே விஷயம். அந்த இடைவெளிதான் முன்சக்கரத்தை நேரே இழுத்து நிறுத்துகிறது.

சக்கரம் சிறுத்தால் இந்த இடைவெளியும் சிறுத்துவிடும். 72 டிகிரி சாய்வில் ஃபோர்க்கின் முன்வளைவு 40 மில்லிமீட்டர் என்றால், 26 அங்குலத்தில் இடைவெளி 65 மில்லிமீட்டர். 20 அங்குலத்தில் 39. ஹேண்டில் துறுதுறுவென்று ஆடும், ஒரு கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்ய முடியாது. என்னிடம் இரண்டு ஃபோர்க் இருந்தன. ஒன்றில் வளைவு 40, இன்னொன்றில் 28. இரண்டாவதை மாட்டினால் இடைவெளி 52 ஆகிறது. வளைவு அதிகமானது பார்க்க அழகு, ஆனால் நான் நேரானதைத்தான் எடுத்தேன். ஒரு ஃபோர்க்கைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்கள், இரண்டையும் மாற்றி மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

அகலமான டயர் விஷயத்துக்கு வருகிறேன். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளத்தில் 26 அங்குலச் சக்கரம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும். நம் சக்கரம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலே இறங்கும். அந்த உதை நேரே இடுப்புக்கு வரும். இதற்கு வைத்தியம் தேடியவர் இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்டன். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்த பொறியாளர். 1962-இல் 16 அங்குலச் சக்கரத்தோடு, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்து ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தார். பொம்மை வண்டி என்று சிரித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜான் உட்பர்ன் என்ற பந்தய வீரர் அதே சைக்கிளில் கார்டிஃப்–லண்டன் தூரத்தின் சாதனையை முறியடித்தார். நம்மிடம் அந்தச் சஸ்பென்ஷன் கிடையாது. 1.75 அங்குல டயரும், ஸ்பிரிங் வைத்த பழைய சீட்டும்தான் நம் சஸ்பென்ஷன். காற்றைக் கல்லாக இறுக்காமல் வைத்தால் போதும்.

பிரேக்குக்குச் சாக்கை நம்பவில்லை. கட்டை, ஒயர் இரண்டும் புதிது. முன்சக்கரத்துக்கு அலுமினிய ரிம். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நேரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்குள் அடுத்த தெரு வந்துவிடும். துப்பட்டா சிக்காமல் இருக்க, லேடீஸ் சைக்கிளின் பின்வலையைக் கத்தரித்துப் பொருத்தியாயிற்று.

[காட்சி: கூடை. ஹேண்டில் திரும்புகிறது, கூடை அசையாமல் நிற்கிறது.]

கூடையை ஹேண்டிலில் மாட்டவில்லை, ஃபிரேமின் முன்குழாயில் பட்டி போட்டுக் கட்டினேன். லண்டனில் செய்யும் பிராம்டன் மடக்குச் சைக்கிளில் முன்பையை இப்படித்தான் ஃபிரேமில் மாட்டுகிறார்கள். ஐந்து கிலோ வைத்தாலும் ஹேண்டில் இலகுவாகத் திரும்பும். முதல் நாள் என் மனைவி ஹேண்டிலைத் திருப்பிவிட்டு, கூடை நேரே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "இது என்ன, என் பேச்சைக் கேட்காதா?" என்றார். மூன்றாம் நாள் இரண்டு பூசணிக்காயோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு கூடையைப் பற்றிப் பேச்சில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. ஒரு வாரம் கழித்து, "வலது காலை மிதிக்கும்போது மட்டும் கட்டக் கட்டக் என்கிறது" என்றார். செயின் என்று நினைத்து எண்ணெய் விட்டேன். போகவில்லை. பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டினேன். போகவில்லை. அவரே கீழே உட்கார்ந்து, கிராங்கைப் பிடித்து ஆட்டி, "இந்தப் பின் ஆடுகிறது பாருங்கள்" என்று காட்டினார். காட்டர் பின், கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு. பழைய கிராங்கில் புதுப் பின் அடித்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் அது உட்கார்ந்து, நட்டு தளர்ந்துவிடும். மறுபடி அடித்து இறுக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், மறந்துபோனேன்.

[காட்சி: கூடையின் ஓரத்தில் தொங்கும் சிறு துணிப்பை.]

அந்தப் பின்னுக்குரிய ஸ்பானர் இப்போது இந்தப் பையில் இருக்கிறது. எனக்கு வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.